ஏற்றத்தில் முறுக்குங்கள், இறக்கத்தில் பயப்படுங்கள்

மாத்தளை டவுனிலிருந்து இறத்தோட்டைப் பக்கம் பிரியும் வீதியில் காலை நேரத்தில் நின்று கேளுங்கள். மலை நோக்கிப் போகும் ஸ்கூட்டிகள் எல்லாம் ஒரே சுருதியில் கத்திக்கொண்டு போகும். பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போகும் ஆசிரியை, சாமான் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும் குடும்பக்காரர், தாதியர் சீருடையில் ஒரு தங்கச்சி என்று யாராக இருந்தாலும், அவர்களின் வலது கை முடிந்த மட்டும் திரும்பித்தான் இருக்கிறது. அதற்கு மேல் திருப்ப அந்தக் கைப்பிடியில் இடமில்லை.

பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கு முழு முறுக்கு என்பது ஆசை. 88 சிசி ஸ்கூட்டியில் இரண்டு பேர் மலை ஏறும்போது அது பிழைப்பு. அதனால்தான் மலைநாட்டில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே கேள்வி வருகிறது: இப்படி அரை மணி நேரம், ஒரு மணி நேரம் விடாமல் முறுக்கிக்கொண்டே போனால் இஞ்சின் போய்விடாதா?

போகாது. ஒயில் சரியாக இருந்து, காற்று போகும் வழி அடைபடாமல் இருந்தால், இன்றைய நான்கு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் இஞ்சின் முழு முறுக்கைத் தாங்கும். தாங்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பதிலோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஏற்றத்தில் இஞ்சினைப் பற்றிக் கவலைப்படும் நாம், உச்சியைத் தாண்டியதும் கவலையை விட்டுவிடுகிறோம். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

மாவட்டம் முழுக்க மேடும் பள்ளமும்

மாத்தளை மாவட்டத்தின் தரை அமைப்பு ஸ்கூட்டருக்கு இரண்டு விதமான பரீட்சை வைக்கிறது. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறத்தோட்டை வழியாக நக்கில்ஸ் மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் வீதி, றிவர்ஸ்டன் பக்கத்தில் ஆயிரம் மீற்றரையும் தாண்டி ஏறுகிறது. வளைவுக்கு மேல் வளைவு, நடுவில் பனிமூட்டம், உச்சியில் ஆளைத் தள்ளும் காற்று. அந்தப் பக்கம் பிட்டவல பத்தனை, இலுக்கும்புர என்று லக்கல நோக்கி இறங்குகிறது. தெற்கே உக்குவளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் வீதியும், கண்டிக்குப் போகும் ஏ-9 வீதியில் அக்குறணைக்கு முன்னால் வரும் பலகடுவக் கணவாயும் இதே ரகம்தான்.

வடக்கே போனால் கதை மாறும். அலுவிகாரை, நாலந்தை, நாவுல தாண்டி ஏ-9 வீதி படிப்படியாக இறங்கித் தம்புள்ளையில் சமவெளியைத் தொடுகிறது. அங்கிருந்து கெக்கிராவை, மிகிந்தலை, மதவாச்சி என்று வவுனியா வரைக்கும் நூறு கிலோமீற்றருக்கு மேல் பெரும்பாலும் நேர் வீதி, சுடும் வெயில். மாத்தளையில் வேலை செய்யும் வடக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போவதும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வந்துபோகும் சிறு வியாபாரிகள் ஓடுவதும் இந்த வழியில். இங்கே கை முறுக்கியபடி இருப்பதற்குக் காரணம் மேடல்ல, தூரம்.

இந்த ஏ-9 வழிக்கு நம் மக்களிடம் ஒரு பழைய கணக்கும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர்கள், காட்டு வழியே மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். நடந்து வந்து சேர்ந்தவர்களின் பரம்பரையில் வந்த பெண்கள் இன்று சொந்தப் பெயரில் பதிவு செய்த ஸ்கூட்டியில் அதே வீதியில் வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்து லயத்திலிருந்து டவுனுக்கு வர பஸ்ஸுக்குக் காத்து நின்ற காலத்தையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அந்த ஐந்து குதிரைவலு இஞ்சினை நான் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். அது ஒரு குடும்பத்தின் உத்தியோகம், பிள்ளையின் ரியூஷன், நள்ளிரவில் ஆஸ்பத்திரி.

முறுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது?

இலங்கையில் அதிகம் ஓடும் ஹொண்டா டியோவின் பழைய 110 சிசி இஞ்சினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் ஒரு தடவை மேலிருந்து கீழே போகும் தூரம் 55.6 மில்லிமீற்றர். முழு முறுக்கில் நிமிடத்துக்கு 7,500 சுற்று என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் அந்த இஞ்சின் நாலரை லட்சம் தடவை சுற்றுகிறது. ஸ்கூட்டர் வீதியில் ஓடுவது ஒரு பக்கம் இருக்க, பிஸ்டன் அந்தச் சின்ன சிலிண்டருக்குள்ளேயே மேலும் கீழுமாக ஐம்பது கிலோமீற்றர் ஓடி முடித்துவிடுகிறது. நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர். கேட்கப் பயமாக இருந்தாலும், இப்படிப்பட்ட இஞ்சினுக்கு இது எல்லை மீறிய வேகம் அல்ல.

எரியும் பெற்றோல் வாயுவின் உச்ச வெப்பம் 2,000 பாகை செல்சியஸைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்பட்ட அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். உருகாமல் இருப்பதற்குக் காரணம், வெப்பம் வந்த வேகத்திலேயே சிலிண்டர்ச் சுவர் வழியாகவும் ஒயில் வழியாகவும் வெளியேறிக்கொண்டிருப்பதுதான். பெற்றோலின் சக்தியில் கால்வாசி அளவுதான் வேலையாக மாறுகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். சின்ன இஞ்சினின் வாழ்வும் சாவும் அந்த வெப்பத்தை யார் எப்படி வெளியே எடுத்துப்போகிறார்கள் என்பதில் இருக்கிறது.

இங்கே ஸ்கூட்டருக்கு, மோட்டார் சைக்கிளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிளின் இஞ்சின் வெளியே தெரியும்படி இருக்கிறது. வண்டி ஓடினால்தான் காற்றுப் படும். மேட்டில் ஊர்ந்து போகும்போது காற்றுக் குறையும், சூடு கூடும். ஸ்கூட்டரின் இஞ்சின் பிளாஸ்டிக் உடலுக்குள் மறைந்திருப்பதால், டியோ போன்றவற்றில் கிராங்க் தண்டின் முனையிலேயே ஒரு காற்றாடி பூட்டியிருக்கிறார்கள். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது அந்தக் காற்றாடிக்குக் கணக்கே இல்லை. இஞ்சின் வேகமாகச் சுற்றினால் அதுவும் வேகமாகச் சுற்றும். றிவர்ஸ்டன் ஏற்றத்தில் வண்டி மணிக்கு முப்பதில் திணறினாலும், இஞ்சின் ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றில் இருப்பதால் சிலிண்டர்மேல் காற்று முழு வேகத்தில் வீசிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது காவல், கியர் மாற்றத் தேவையில்லாத அந்த பெல்ட் அமைப்பு. முன்னால் ஒரு கப்பி, அதற்குள் உருளும் ரோலர்கள். பின்னால் ஒரு கப்பி, நடுவில் ரப்பர் பெல்ட். மேடு வந்து சுமை கூடினால் பெல்ட் தானாகவே இறங்கி, இஞ்சினுக்கு இலகுவான விகிதத்தைத் தருகிறது. முழு முறுக்கில் இஞ்சினை அதன் வலு உச்சமாக இருக்கும் சுற்றெண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான் ரோலர்களின் எடையைத் தீர்மானிப்பதன் நோக்கம். கியர் வண்டியில் தவறான கியரில் மேடு ஏறி இஞ்சினைத் திக்குமுக்காட வைக்கலாம். ஸ்கூட்டரில் அந்தப் பிழையை ஓட்டுபவர் செய்ய முடியாது.

பிறகு ஏன் முழுதாக முறுக்காதே என்று அப்பா காலத்து ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள்? அவர்கள் ஓட்டியவை பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் ஒயில், பெற்றோலோடு கலந்துதான் பிஸ்டனுக்குப் போய்ச் சேரும். கலவை கொஞ்சம் பிசகினாலும், கார்புரேட்டரில் தூசி அடைத்தாலும், முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அந்த அனுபவம் பொய்யில்லை. நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒயிலுக்குத் தனி இடமும் பம்பும் இருக்கிறது. அந்த அச்சத்தை அப்படியே இதற்கும் கொண்டுவர வேண்டியதில்லை. புதிய வண்டிக்கு மட்டும் விதி வேறு: முதல் 500 கிலோமீற்றர் வரை முழு முறுக்கும் திடீர் முறுக்கும் வேண்டாம் என்று ஹொண்டாவின் கையேடுகளே சொல்கின்றன. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு பழக வேண்டும்.

கர்துங் லாவில் ஒரு 110 சிசி

சின்ன இஞ்சின் எவ்வளவு தாங்கும் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஒரு பயணம் உண்டு. 2015இல் லக்னோவைச் சேர்ந்த அனம் ஹாஷிம் என்ற இருபது வயதுப் பெண், டிவிஎஸ் ஸ்கூட்டி செஸ்ட் 110 ஒன்றில் லடாக்கின் கர்துங் லா கணவாய்க்கு ஏறினார். உயரம் 5,300 மீற்றருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். காற்று பாதியானால் இஞ்சினின் வலுவும் ஏறத்தாழ பாதி. எட்டுக் குதிரைவலுவில் நாலு மட்டும் கையில் இருக்க, உடைந்த மலைவீதியில் அக்சலேட்டரைத் திருப்பியபடியே போவதைத் தவிர வேறு வழி அங்கே கிடையாது. வண்டி ஏறியது, இறங்கியும் வந்தது.

தமிழ்நாட்டின் ஓசூரில் இருந்து 1980இல் வெளிவந்த 50 சிசி மொபெட்டில் தொடங்கிய நிறுவனத்தின் வண்டி அது. அந்த மொபெட்டில் நெல்மூட்டையும் பால்கேனும் குடும்பமும் ஏறாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அதற்கும் முன்னால், 1958இல் ஹொண்டா வெளியிட்ட சூப்பர் கப்பின் முதல் வடிவம் 49 சிசி, நாலரைக் குதிரைவலு. 2017இல் சூப்பர் கப் வரிசையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. அவற்றில் எத்தனையோ, தயாரித்தவர் கணக்கிட்ட சுமையைவிடக் கூடுதலாகச் சுமந்துகொண்டு, முறுக்கிய கை தளராமல் ஓடியவைதான். நம் நாட்டு வீதிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கப்பும் சாலியும் அதற்குச் சாட்சி.

ஆக, வடிவமைப்பில் குறை இல்லை. வண்டி படுப்பது பராமரிப்பில்.

முக்கால் லீற்றர்

ஒரு காரின் இஞ்சினில் மூன்று, நான்கு லீற்றர் ஒயில் இருக்கும். டியோவில் ஒயில் மாற்றும்போது ஊற்றுவது 700 மில்லிலீற்றர் மட்டும். காரில் இருப்பது போன்ற காகித வடிகட்டியும் அதில் கிடையாது. ஒரு சின்னக் கம்பிவலை மட்டும்தான். அந்த முக்கால் லீற்றரும் உராய்வையும் குறைக்க வேண்டும், வெப்பத்தையும் சுமக்க வேண்டும், அழுக்கையும் தன்னிடமே வைத்திருக்க வேண்டும்.

நீண்ட நேரம் உயர்ந்த சுற்றில் ஓடும் இஞ்சின், வளையங்களைத் தாண்டிச் சிறிது சிறிதாக ஒயிலை எரித்துக் குடிக்கும். பழைய இஞ்சின் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். காரில் 200 மில்லி குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஸ்கூட்டரில் 200 மில்லி என்பது மொத்தத்தில் கால்வாசிக்கு மேல். வவுனியா போய்த் திரும்பிய வண்டியில் ஒயில் குச்சியை எடுத்துப் பார்க்காமல் அடுத்த வாரம் றிவர்ஸ்டன் ஏறுவது, இஞ்சினைக் கொல்லும் நிச்சயமான வழி. பாதிக்கப்பட்டவர்கள் முழுக்க முறுக்கியதால் போனது என்று சொல்வார்கள். போனது ஒயில் இல்லாததால்.

இதில் இலங்கைக்கென்று ஒரு சோதனையும் வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் புது ஸ்கூட்டர் என்பது கைக்கெட்டாத பொருளாகிவிட, பழையதன் விலை ஏறிக்கொண்டே போனது. மாற்ற வேண்டிய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். அந்த நான்கு லீற்றரில் ஒரு வாரத்தை ஓட்டியது இந்தச் சின்ன இஞ்சின்கள்தான். கையில் காசில்லாத அந்தக் காலத்தில் முதலில் தள்ளிப்போடப்பட்டது ஒயில் மாற்றுவது, அடுத்தது பெல்ட். இன்று கராஜ்களுக்கு வரும் வண்டிகள் பலவற்றின் நோய்க்கு வேர் அந்த வருடங்களில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கராஜிலேயே உண்டாகும் ஒரு நோயையும் சொல்ல வேண்டும். சிலிண்டரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். காற்றாடி வீசும் காற்றைச் சிதறவிடாமல் சிலிண்டரின் இதழ்களுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. இஞ்சினைக் கழற்றிப் பூட்டும்போது அதன் ஆணி ஒன்று உடைந்துவிட்டால், சிலர் மூடியையே விட்டுவிடுகிறார்கள். காற்று நன்றாகப் படட்டும் என்று விளக்கமும் சொல்கிறார்கள். உண்மை நேர் எதிரானது. மூடி இல்லாவிட்டால் காற்றாடி வீசும் காற்று பக்கத்தில் கலைந்து போய்விடும், சிலிண்டர் வேகும். தோட்டத்துச் சேற்றுப் பாதையில் ஓடும் வண்டிகளில் மண்ணும் காய்ந்த புல்லும் காற்றாடியின் வாயில் போய் அடைத்துக்கொள்வதும் இதே விளைவைத் தரும். சேர்விஸுக்கு விடும்போது அந்த மூடி இருக்கிறதா, வாய் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒயிலிலும் ஒரு குழப்பம் உண்டு. மோட்டார் சைக்கிளில் கிளச் ஒயிலுக்குள் நனைந்திருக்கும். ஸ்கூட்டரில் அது வெளியே உலர்ந்து இருக்கும். ஆகவே ஸ்கூட்டருக்கென்று வரும் ஒயிலின் தரக்குறி எம்பி. மோட்டார் சைக்கிளுக்கு எம்ஏ. ஸ்கூட்டரில் எம்ஏ ஊற்றினால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் ஸ்கூட்டர் ஒயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளச் வழுக்கலாம். வீட்டில் இரண்டு வண்டியும் வைத்திருப்பவர்கள் போத்தலைப் பார்த்து ஊற்றவும்.

பெல்ட் சொல்லும் எச்சரிக்கை

முழு முறுக்கில் ஏறும்போது உண்மையில் அடி வாங்குவது பெல்ட். மேட்டில் அது முன்கப்பியின் அடிப்பகுதிக்கு இறங்கி, மிகச் சின்ன வட்டத்தில் வளைந்து, மிகப் பெரிய இழுவையைத் தாங்குகிறது. அதோடு சற்று வழுக்கவும் செய்தால் ரப்பர் சுட்டுப் பளபளப்பாகி, இன்னும் வழுக்கும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 20,000 முதல் 25,000 கிலோமீற்றருக்குள் பெல்ட்டை மாற்ற வேண்டியிருக்கும். சமவெளிக்காரர்களுக்குச் சொல்லும் அந்தக் கணக்கை எல்கடுவைக்கு நாள்தோறும் இரண்டு பேராக ஏறி இறங்குபவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு முன்னமே திறந்து பார்க்க வேண்டும். சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. புறப்படும்போது வண்டி உதறுகிறது. சுட்ட ரப்பர் மணக்கிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பலகடுவ ஏற்றத்தின் நடுவில், பின்னால் லொறி வரும்போது பெல்ட் அறுந்தால் இஞ்சின் கத்தும், சக்கரம் சுற்றாது.

ஒரு பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம். மேட்டில் வாகன வரிசையில் நிற்கும்போது பிறேக்கைப் பிடிக்காமல், அக்சலேட்டரைக் கொஞ்சம் திருப்பி வண்டியைத் தாங்கி நிறுத்துகிறோம். கை பழகிய வித்தை போலத் தோன்றும். உள்ளே கிளச் முழு நேரமும் தேய்ந்துகொண்டிருக்கும். பிறேக்கைப் பிடித்து நில்லுங்கள்.

சமவெளியில் நீண்ட தூரம் முறுக்குபவர்களுக்கு வேறு கணக்கு. காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 60இலிருந்து 80க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது; காற்றோடு போராடத் தேவையான வலுவோ இரண்டேகால் மடங்குக்கும் மேல். அந்த வலு முழுவதும் பெற்றோலிலிருந்து வர வேண்டும், வெப்பமாகவும் வெளியேற வேண்டும். நகர எல்லைக்கு வெளியே நம் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 70. சமதரையில் அந்த வேகத்துக்கு டியோவை முழுதாக முறுக்கத் தேவையே இல்லை. தம்புள்ளைக்கு வடக்கே சட்டத்தை மதித்து ஓடுபவரின் இஞ்சின், பெற்றோல், உயிர் மூன்றும் ஒரே நேரத்தில் பிழைக்கின்றன. மீறி 80, 85 என்று ஓடுபவருக்குக் கிடைப்பது மிகச் சில நிமிடம். அதற்கான விலையைப் பத்து அங்குலச் சக்கரத்தின்மீது இருந்துகொண்டு கட்டுகிறார்.

இறக்கம்

இனி நான் மிகவும் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன்.

இரண்டு பேரும் ஒரு பையும் ஏறிய ஸ்கூட்டரின் மொத்த எடை ஏறத்தாழ 245 கிலோ. அது 500 மீற்றர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி, மூன்றரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் இஞ்சினும் எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் போய்ச் சேருவது பிறேக்கில். சாதாரண டியோவில் இருப்பது 130 மில்லிமீற்றர் டிரம் பிறேக். ஸ்கூட்டி பெப் பிளஸ்ஸில் 110. மூடிய உலோகப் பாத்திரத்துக்குள் தேயும் இரண்டு தகடுகள். அவை அளவுக்கு மீறிச் சூடானால் பிடி குறையும். லீவரை இழுப்போம், வண்டி கேட்காது. வளைவு மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

இஞ்சின் தன் வேதனையைச் சத்தமாகவும் மணமாகவும் முன்கூட்டியே சொல்லும். அது நின்றாலும் ஏற்றத்தில் நின்றுபோகும். நாம் வீதி ஓரத்தில் பஸ்ஸுக்குக் கை காட்டலாம். பிறேக் சூடேறிப் பிடி விடுவது கடைசி நேரத்தில்தான் தெரியும். இந்த வித்தியாசம் மலைநாட்டில் ஸ்கூட்டர் ஓட்டும் ஒவ்வொருவர் மனதிலும் பதிய வேண்டும்.

கியர் வண்டியில் இரண்டாம் கியரில் போட்டு இறங்கலாம். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்த வசதி குறைவு. ஓரளவு வேகத்தில் போகும்போது அக்சலேட்டரை விட்டால் கிளச் பிடித்தபடியே இருக்கும், இஞ்சின் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். வேகம் வெகுவாகக் குறைந்ததும் கிளச் விட்டுவிடும். வண்டி சைக்கிள் போலத் தன் பாட்டில் உருளத் தொடங்கும். அந்த நேரத்தில் அக்சலேட்டரை ஒரு கணம் இலேசாகத் திருப்பினால் கிளச் மறுபடியும் பிடிக்கும், இஞ்சினின் இழுவை திரும்பி வரும். நம் மலைவீதிகளில் பழகிய ஓட்டுநர்கள் பலர் இதைத் தெரியாமலே செய்கிறார்கள். தெரிந்து செய்தால் இன்னும் நல்லது.

இதற்கு நேர்மாறான ஒரு பழக்கம் உயிரை எடுக்கும். பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவது. இஞ்சின் நின்றால் கிளச் முற்றாக விடுபடும். இறக்கம் முழுவதையும் அந்த இரண்டு டிரம்களே தனியாகத் தாங்க வேண்டும். மிச்சமாவதும் ஒன்றுமில்லை: பெற்றோல் உட்செலுத்தும் புதிய வகை இஞ்சின்கள், அக்சலேட்டரை விட்டு வேகமாக இறங்கும்போது பெற்றோலைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன. பழைய கார்புரேட்டர் வண்டியில் மிச்சமாவது ஒரு தேநீருக்கும் காணாத காசு.

பிறேக்கைத் தொட்டபடியே இழுத்து இழுத்து இறங்குவதும் கூடாது. வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முற்றாக விட வேண்டும். விட்ட நேரத்தில்தான் டிரம் ஆறும். றிவர்ஸ்டன் உச்சியில் படம் எடுக்க எல்லோரும் நிற்கிறோம். நிற்க வேண்டிய இன்னொரு இடம் இறக்கத்தின் பாதி வழி. லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகிறது, சுட்ட மணம் வருகிறது என்றால் கால் மணி நேரம் ஓரமாக நிறுத்துங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஏறி முடித்ததும் இஞ்சினுக்கும் ஒரு சின்ன மரியாதை செய்யலாம். உச்சியில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பி அணைக்காமல், ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். இஞ்சின் சுற்றினால்தான் காற்றாடி சுற்றும். ஏற்றத்தின் கடைசிச் சூட்டை அது வெளியே தள்ளிவிடும்.

பார்க்காமல் விடப்படும் பிறேக்

நம் நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும். வீதி விபத்துகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும் பங்கு இரண்டு சக்கரத்தில் சென்றவர்கள். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடாவருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். 2008இல் தொடங்கிய அந்தத் திட்டம் புகைக் குழாயில் குழல் வைத்துப் பார்க்கிறது. நல்லதுதான். ஆனால் அதே வண்டியின் பிறேக் தகட்டை அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை. காற்றைக் கெடுக்கிறதா என்று கேட்கும் அரசாங்கம், அடுத்த வளைவில் நிற்குமா என்று கேட்பதில்லை. தனியார் ஸ்கூட்டர் ஒன்று வாங்கிய நாளிலிருந்து இரும்பாகும் நாள்வரை ஒரு தடவைகூட பிறேக் சோதனைக்குப் போகாமல் ஓடலாம்.

புகைப் பரிசோதனைக்கு வண்டி எப்படியும் வருகிறது. அங்கேயே தகட்டின் தேய்மானத்தைக் காட்டும் குறியைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலான டிரம்களில் அந்தக் குறி வெளியிலேயே தெரியும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் நினைத்தால் இதை ஒரு சுற்றறிக்கையில் தொடங்கலாம். மலை மாவட்டங்களான மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளையில் முதலில் தொடங்கட்டும். சீகிரியா, தம்புள்ளைப் பக்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும். சமவெளியில் வாடகைக்கு எடுத்த வண்டியிலேயே அவர்கள் றிவர்ஸ்டனும் ஏறுகிறார்கள். இறங்கும் முறையை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. றிவர்ஸ்டன் இறக்கத்தில் மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்து, இஞ்சினை நிறுத்தாதீர்கள், பிறேக்கை ஆறவிடுங்கள் என்று எழுதினால் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

அதுவரை பொறுப்பு நம் கையில். இந்த வார இறுதியில் மலை ஏறப் போகிறவர்கள், புறப்படுமுன் வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஒயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். இரண்டு பிறேக்கையும் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். பின்னால் ஏறுபவருக்கும் ஹெல்மெட் கொடுங்கள். இவ்வளவும் சரியென்றால் ஏற்றத்தில் தாராளமாக முறுக்குங்கள்; இஞ்சின் பார்த்துக்கொள்ளும். இறக்கத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.